பில் இல்லாத ஊரில் கண்ணின் கணக்கு

(கிளிநொச்சியில் தாதியர், மருத்துவப் பதிவு உதவியாளர், பல்கலைக்கழக மாணவர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண் மருத்துவத்தில் பில் போடுவதும் நோய்க்குக் குறியீடு இடுவதும் என்று இன்றைய பொருளை அறிவித்தபோது, இதற்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே வருகிற எவருடைய கையிலும் பில் இருப்பதில்லை. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. நம் கையில் இருப்பது ஓபிடி துண்டு, கிளினிக் கொப்பி, வாட்டில் நின்றால் பெட்ஹெட் டிக்கெட், வீட்டுக்குப் போகும்போது டயக்னோசிஸ் காட். காசுக் கணக்கு இதில் எதிலும் இல்லை. மல்லாவியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஓர் அம்மா கண்புரையை எடுப்பதற்குக் காணியை ஈடு வைக்க வேண்டியதில்லை. இந்த நாடு செய்த மிகப் பெரிய நல்ல காரியங்களில் அது ஒன்று. அதை எந்தக் காலத்திலும் விட்டுவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் நான் பேசப்போவது, பில் இல்லாததால் நம்மிடம் வந்து சேர்ந்த ஒரு குறையைப் பற்றி. காசு கேட்கிற இடத்தில், எழுதிய ஒவ்வொரு சொல்லையும் காசு கொடுக்கிறவன் சரிபார்ப்பான். காசு கேட்காத இடத்தில் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறகு யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. வன்னியின் கண்களைப் பற்றிய கணக்கு அங்கேதான் குலைந்து கிடக்கிறது.

முதலில் பில் போடுகிற ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவில் கண் மருத்துவரிடம் போகும் ஒருவருக்கு இரண்டு விதமான காப்புறுதி இருக்கலாம். ஒன்று பொதுவான உடல்நலக் காப்புறுதி. மற்றது கண்ணாடிக்கும் பார்வைச் சோதனைக்கும் மட்டுமான பார்வைத் திட்டம். ஒரே கதிரையில் இருத்தி, ஒரே மருத்துவர், ஒரே கருவியால் சோதித்தாலும், அவர் என்ன முறைப்பாட்டோடு வந்தார், கடைசியில் என்ன நோய் என்று முடிந்தது என்பதைப் பொறுத்து பில் இரண்டில் ஒன்றுக்குப் போகும். எழுத்து மங்குகிறது என்று வந்து கிட்டப்பார்வை என்று முடிந்தால் அது பார்வைத் திட்டத்தின் செலவு. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று வந்து, விழித்திரையில் நோய் கண்டால் உடல்நலக் காப்புறுதியின் செலவு. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியாகிய மெடிகேர், கண்ணாடி எண் பார்க்கிற வழமையான சோதனைக்குக் காசு கொடுப்பதில்லை. ஆனால் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு சோடிக் கண்ணாடிக்குப் பங்கு கொடுக்கும். உடம்பின் வேறு எந்த உறுப்புக்கும் இப்படி இரட்டைக் கதவு இல்லை. பல்லுக்கு மட்டும் ஓரளவு சொல்லலாம். அதனால்தான் அங்கே கண் மருத்துவ நிலையங்களில் பில் எழுதுவது தனியாகப் படித்துக்கொள்ள வேண்டிய தொழிலாக இருக்கிறது.

அந்த பில்லில் இரண்டு குறியீடுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒன்று, ஏன் செய்தீர்கள் என்பதற்கு ஒன்று. செய்த வேலைக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் நடத்தும் சி.பி.ரி. என்ற ஐந்திலக்க எண். வில்லை வைத்துச் செய்யும் வழமையான கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு 66984; சிக்கலானதற்கு 66982. காரணத்துக்கு ஐ.சி.டி. என்ற நோய் வகைப்பாட்டின் அமெரிக்கப் பதிப்பு. வயதினால் வில்லையின் நடுக்கரு மங்கிய கண்புரை வலது கண்ணில் என்றால் எச்25.11. இடது கண் என்றால் எச்25.12. இரண்டும் என்றால் எச்25.13. வலது கண்ணுக்கு நோயை எழுதி இடது கண்ணுக்குச் சத்திரசிகிச்சையை எழுதினால் பில் அப்படியே திரும்பி வரும். ஒரு கண்ணைச் செய்து 90 நாளுக்குள் மற்றக் கண்ணையும் செய்தால், இது முதல் சிகிச்சையின் பின்கவனிப்பு இல்லை, வேறொரு கண்ணின் வேறொரு சிகிச்சை என்று காட்ட 79 என்ற துணைக் குறியைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் காசு வராது.

2015 அக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்கா ஐ.சி.டி. பத்தாம் பதிப்புக்கு மாறியபிறகு இந்த நுணுக்கம் இன்னும் கூடியது. இ11.3211 என்று ஒரு குறியீடு. ஏழே எழுத்து. அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இரண்டாம் வகை நீரிழிவு, அதனால் விழித்திரையில் ஆரம்பக் கட்டப் பாதிப்பு, விழித்திரையின் மையப் புள்ளியில் வீக்கம், வலது கண். ஒரு மருத்துவர் ஒரு பக்கத்தில் எழுதுகிற செய்தி. இந்தக் குறியீடுகளை இடுகிறவர்களில் பலர் நம்முடைய தமிழ்ப் பிள்ளைகள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் கணினிக்கு முன்னால் இருந்து, கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு முதியவரின் வலது கண்ணா இடது கண்ணா என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள்.

நான் அந்த முறையைப் புகழ வரவில்லை. பில்லைக் கண்டு பயந்து மருத்துவரிடமே போகாமல் இருக்கிறவர்கள் அந்த நாட்டில் உண்டு. நோயாளியின் நன்மைக்காக அந்த நுணுக்கம் உருவாகவும் இல்லை. காசு கொடுக்க மறுப்பதற்கு ஒரு காரணம் தேடும் காப்புறுதிக்காரனுக்குப் பதில் சொல்ல உருவானது. ஆனாலும் அதன் விளைவாக ஒரு கண்ணுக்கு என்ன நடந்தது, எந்தப் பக்கம், எதனால் என்பது எழுத்தில் நிற்கிறது. நமக்கு அந்த பில் வேண்டாம். அந்த எழுத்து வேண்டும்.

ஐ.சி.டி. அமெரிக்காவின் சொத்து இல்லை. பாரிஸ் நகரத்தின் புள்ளிவிபரத் தலைவராக இருந்த ஜாக் பெர்தியோன் 1893இல் சிகாகோவில் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலில் அது தொடங்கியது. ஆரம்பத்தில் இறந்தவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் பதிப்பை வெளியிட்டபோதுதான் உயிரோடு நோயில் கிடப்பவருக்கும் இடம் வந்தது. கண்ணுக்கு இது பெரிய திருப்பம். கண் நோயால் பொதுவாக யாரும் இறப்பதில்லை. இறப்பை மட்டும் எண்ணுகிற ஒரு பட்டியலில் குருடானவருக்கு இடமே இருந்திருக்காது.

இலங்கையும் பத்தாம் பதிப்பையே பின்பற்றுகிறது. கண்ணும் அதன் துணை உறுப்புகளும் அதில் ஏழாம் அத்தியாயம்; எச்00 முதல் எச்59 வரை. நோயாளி வாட்டை விட்டுப் போனதும் பெட்ஹெட் டிக்கெட் மருத்துவப் பதிவறைக்கு வருகிறது. அங்கே இருக்கிற அலுவலர் நோயின் பெயரைப் பார்த்துக் குறியீட்டை இடுகிறார். அது உள்ளக நோயாளர் நோய், இறப்பு அறிக்கையாக, நாம் ஐ.எம்.எம்.ஆர். என்று சொல்கிறோமே, அதுவாகக் கொழும்பில் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகிறது. முன்பு தாளில் போனது. இப்போது கணினி வழியாகப் போகிறது. ஆண்டுதோறும் வருகிற சுகாதார அறிக்கையில் நாம் படிக்கிற எண்கள் இப்படித்தான் உருவாகின்றன.

இந்தப் பாதையில் கண் எங்கே எங்கே தவறிப்போகிறது என்று பாருங்கள்.

டிக்கெட்டில் கண்புரை என்று மட்டும் எழுதியிருக்கிறது. வயதினால் வந்ததா, அடிபட்டு வந்ததா, நீரிழிவால் வந்ததா, ஸ்டீரொயிட் மருந்தை நீண்ட காலம் பாவித்ததால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று எழுதவில்லை. பதிவறையில் இருக்கிறவர் என்ன செய்வார்? அவர் நோயாளியைக் கண்டதில்லை. விதிப்படி எச்26.9, அதாவது வகை குறிப்பிடப்படாத கண்புரை என்று இடுவார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் வயதுக்கு எச்25, அடிபட்டதற்கு எச்26.1, மருந்துக்கு எச்26.3, நீரிழிவுக்கு எச்28.0 என்று தனித்தனிக் கதவுகள் இருக்க, எல்லோரும் ஒரே கதவால் உள்ளே போய்விட்டார்கள். முப்பது வயதுப் பெண்ணுக்கு வந்த கண்புரையும் எழுபது வயது ஐயாவுக்கு வந்த கண்புரையும் கணக்கில் ஒன்றாகிவிட்டன. முப்பது வயதில் ஏன் வந்தது என்ற கேள்வியை இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது, ஐ.எம்.எம்.ஆர். வாட்டில் தங்கியவரை மட்டுமே எண்ணுகிறது. கண் மருத்துவத்தில் வாட்டில் தங்குகிறவர் சிறு தொகை. பெரும்பகுதி வேலை கிளினிக்கில் நடக்கிறது. கண் அழுத்தம் கூடிக் குளுக்கோமாவுக்கு ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து விடுகிறவர், நீரிழிவுக்காக விழித்திரையைக் காட்ட வருகிறவர், கண்ணாடி வேண்டிய பள்ளிப் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் கிளினிக் கொப்பியில் வரி உண்டு. நாட்டின் கணக்கில் வரி இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த அறிக்கை ஆட்களை எண்ணுவதில்லை, வாட்டிலிருந்து வெளியேறிய தடவைகளை எண்ணுகிறது. கிளிநொச்சியில் அனுமதித்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருகிறார். இரண்டு கண்ணையும் இரண்டு முறையாகச் செய்தால் மறுபடியும் இரண்டு. வலமா இடமா என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பில் இடமே இல்லை. அமெரிக்கர் அதைத் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நமது வயல்களுக்கு வருவோம். இரணைமடுவுக்குக் கீழே காலபோக அரிவுவெட்டுக் காலத்தில் கண் கிளினிக்கில் யார் வந்து இருக்கிறார்கள் என்று இங்கே இருக்கிற தாதியருக்குத் தெரியும். வெட்டும் இயந்திரம் வந்தபிறகும் நெற்கூர் கண்ணில் படுவது நிற்கவில்லை. கருவிழியில் சிறு கீறல். இரண்டு நாள் பார்க்கலாம் என்று விடுவார்கள். யாரோ தந்த சொட்டு மருந்தை விடுவார்கள். அந்தக் கீறலில் பூஞ்சணம் பிடித்துப் புண்ணாகி வெள்ளையாகித் தழும்பு விழுந்தால் பார்வை திரும்பாது. கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத்தான் போக வேண்டும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தால் உலகின் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்பிய நாடு இது. அந்த நாட்டில் ஒரு கமக்காரன் நெற்கூரால் கண்ணை இழப்பது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம்.

இதைக் குறியீட்டில் எழுத முடியும். கருவிழிப் புண் எச்16.0. கருவிழிக்குள் பிற பொருள் இருந்தால் ரி15.0. எங்கே நடந்தது என்பதற்கும் பத்தாம் பதிப்பில் ஓர் இலக்கம் இருக்கிறது. கமம் என்றால் 7. அந்த ஒற்றை 7ஐ எழுதியிருந்தால், அரிவுவெட்டுக்கு முன்பே கமநல சேவை நிலையங்களில் கண்ணாடிக் கவசம் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு ஆதாரம் இருந்திருக்கும். வெல்டிங் பட்டறைகளில் இரும்புத் துகள் பாயும் இளைஞர்களுக்கும் இதே கதைதான். அதை விரித்துச் சொல்ல நேரம் இல்லை.

இப்போது நான் மனம்விட்டுப் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், 2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு தர்மபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை என்ற பெயரில் இயங்கிய இடங்கள் நகர்ந்துகொண்டே போயின. அந்த மாதங்களில் கண்ணில் காயப்பட்டவர்களுக்கு யார் டிக்கெட் எழுதினார்கள்? எழுதியிருந்தால் அது எங்கே? சிலர் 2009 பெப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைப் பக்கம் போனார்கள். மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையில் கள வைத்தியசாலை அமைத்தது. சிலருக்கு அங்கே சிகிச்சை நடந்தது. பலர் ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்கு வந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தபடியே காட்டினார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு எழுதியிருப்பார்கள். துண்டுகளைச் சேர்த்து வைக்கிற நிலையில் எவரும் இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் துண்டை எங்கே தேடுவாள்?

இன்று அவர்கள் நம் கிளினிக்குக்கு வருகிறார்கள். கொப்பியில் பழைய காயம் என்று இரண்டு சொல் எழுதுகிறோம். செல் பீஸ் பட்டதா, சன்னமா, கண்ணிவெடியா, எந்த ஆண்டு, எந்த இடம், துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று எழுதுவதில்லை. கேட்பதற்கே தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். கேட்டால் அவர் அழுவார், வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஆனால் கேட்காமல் விட்டால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குள் பழைய பிற பொருள் தங்கியிருந்தால் ஐ.சி.டி. இரண்டு குறியீடுகள் தருகிறது. காந்தத்தால் இழுபடக் கூடியது என்றால் எச்44.6. இழுபடாதது என்றால் எச்44.7. ஏன் இப்படிப் பிரித்தார்கள்? இரும்புத் துண்டு கண்ணுக்குள் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் கரைந்து, துரு போல விழித்திரையில் படிந்து, காயம் ஆறியபிறகும் பார்வையைத் தின்றுகொண்டே போகும். அதற்கும் எச்44.3இல் இடம் இருக்கிறது. இன்னும் அவசரமான காரணம் ஒன்று. அந்த ஆள் பத்து வருஷம் கழித்துத் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவார். அந்த இயந்திரத்தின் காந்தம் கண்ணுக்குள் இருக்கிற இரும்பை அசைக்கக் கூடியது. உலகம் முழுக்க அந்த அறைக்குள் விடுமுன் கண்ணில் உலோகம் உண்டா என்று கேட்பது இதனால்தான். நம்முடைய கொப்பியில் எச்44.6 என்று எழுதியிருந்தால் அவரை அந்த அறையின் வாசலிலேயே தடுத்துவிடலாம். இந்த மண்ணில் தலையிலும் முகத்திலும் பீஸோடு நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காரணத்துக்கான குறியீடுகளையும் சொல்கிறேன். யுத்த நடவடிக்கைகளுக்கு ஒய்36. வெடிப்பும் சிதறலும் ஒய்36.2. அதிலே ஒய்36.8 என்று ஒன்று இருக்கிறது: யுத்தம் நின்றபிறகு நடப்பவை. யுத்தகாலத்தில் புதைத்த கண்ணிவெடி பிறகு வெடித்தால் அதற்கு உரிய இடம் அது. முகமாலையில் இன்றைக்கும் கண்ணிவெடி அகற்றும் ஹலோ டிரஸ்ட் நிறுவனத்தின் பணியாளர்கள், அவர்களில் பெண்கள் நிறையப் பேர், முகத்தை மூடும் கவசத்தோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தம் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பையும் மறுவாழ்வையும் பற்றிப் பேசுகிறது. பாதிக்கப்பட்டவரை எங்கே போய்த் தேடுவது? வைத்தியசாலைப் பதிவில் ஒய்36.8 என்று இருந்தால் தேடலாம். பழைய காயம் என்று இருந்தால் தேட முடியாது. காயம் ஆறி ஓராண்டு கடந்தபிறகு வருகிறவருக்கும் வழி இருக்கிறது: கண் காயத்தின் பின்விளைவு ரி90.4, யுத்தத்தின் பின்விளைவு ஒய்89.1. வகைப்பாட்டை எழுதியவர்கள் எங்கோ இருந்துகொண்டு நம்முடையது போன்ற ஓர் ஊரை நினைத்திருக்கிறார்கள். நாம்தான் அந்த எண்களைப் பாவிக்காமல் வைத்திருக்கிறோம்.

ஒற்றைக் கண் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு நாடு முழுவதும் நடந்த பார்வையிழப்பு ஆய்வு ஒன்று 40 வயதைத் தாண்டியவர்களில் 1.7 வீதத்தினர் பார்வையற்றவர்கள் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம் என்றும் கண்டது. பயனுள்ள ஆய்வு. ஆனால் இப்படியான ஆய்வுகளில் பார்வையற்றவர் என்று முடிவு செய்வது நல்ல கண்ணின் பார்வையை வைத்து. ஒரு கண் முழுவதும் போய், மற்றக் கண் தெளிவாக இருந்தால் அவர் பார்வையுள்ளவர். மேலும் காயப்பட்டபோது பத்து வயதாக இருந்த பிள்ளை அந்த ஆய்வின் வயது எல்லைக்குள்ளேயே வராது. ஆக, வன்னியில் ஒரு கண்ணை இழந்த இளைஞரும் யுவதியும் நாட்டின் பார்வையிழப்புக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சியிருக்கிற ஒரே கதவு எச்54.4, ஒற்றைக் கண் பார்வையின்மை. செயற்கைக் கண் வைத்திருந்தால் இசட்97.0. சாரதி அனுமதிப் பத்திரத்திலிருந்து வேலை நேர்முகம் வரை அந்த ஒற்றைக் கண் அவர்களை மறிக்கிறது. நமது பதிவு மட்டும் அதைக் காணாமல் விடலாமா?

இனிக் காசுப் பக்கம். பில் இல்லாத ஊர் என்று தலைப்பிட்டேன். முழுக்க அப்படியும் இல்லை. வரிசை நீளமாக இருக்கிறது என்று வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தனியாரிடம் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே பில் உண்டு: மருத்துவருக்கு ஒன்று, தியேட்டருக்கு ஒன்று, வில்லைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சிலருக்கு நிறுவனக் காப்புறுதி. வசதியற்றவருக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி. அதற்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். இந்த எல்லாக் கதவிலும் கேட்கிற முதல் தாள் டயக்னோசிஸ் காட். அதில் எந்தக் கண், என்ன நோய், எப்போது கண்டது, என்ன செய்தது என்று தெளிவாக இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வந்தால் மறுபடி பஸ் ஏறி, மறுபடி வரிசையில் நின்று, அந்த ஒரு சொல்லை எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். துணுக்காயிலிருந்து வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. ஆகவே இலவச வைத்தியசாலையில் எழுதும் ஒரு சொல்லுக்கும் காசுப் பெறுமதி உண்டு, கொடுக்கிறவர் நோயாளி.

மருந்தும் வில்லையும்கூட இந்த எண்ணோடு கட்டப்பட்டவைதான். 2022 நெருக்கடியில் மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் தட்டுப்பாடானதை மறக்க முடியாது. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை வில்லை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க, எத்தனை கண்புரை காத்திருக்கிறது என்ற எண் கையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் நுவரெலியாவிலும் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விட்ட சொட்டு மருந்தால் சிலருடைய பார்வை பாதிக்கப்பட்டது நாடறிந்த செய்தி. அப்படி ஒன்று நடந்தால் எந்தத் தொகுதி மருந்து யாருடைய எந்தக் கண்ணுக்குப் போனது என்று அன்று மாலைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். தொகுதி எண்ணை டிக்கெட்டில் எழுதும் பழக்கம் இருந்தால் கண்டுபிடிக்கலாம். மதுரையில் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அதன் வேகத்தையும் இலவச சிகிச்சையையும் சொல்வார்கள். ஒவ்வொரு சத்திரசிகிச்சையின் விளைவையும் எழுதி வைத்துத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டதை நான் அதற்கு மேலே வைப்பேன். ஏழையிடம் காசு வாங்காமலும் துல்லியமாக எழுதலாம் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

நீரிழிவைப் பற்றி ஒரு வார்த்தை. சீனி வருத்தத்தால் வந்த விழித்திரை நோய்க்கு இரண்டு குறியீடுகளை இணைத்து எழுத வேண்டும். அடிப்படை நோய்க்கு இ11.3, கண்ணில் அது காட்டும் முகத்துக்கு எச்36.0. இரண்டில் ஒன்றை விட்டால் கண் கிளினிக்கும் நீரிழிவு கிளினிக்கும் ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வலம், இடம், இரண்டும் என்று சேர்த்து எழுதும் வசதி அதில் உண்டு. இலங்கை முழுமையாக அதற்கு மாறும்போது நம் பதிவறைகளில் இருக்கிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும். கணினித் துறையில் படிக்கும் வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும், இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகளும் இதைத் தங்கள் வேலையாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். கிளினிக் கொப்பியில் கையெழுத்தில் இருப்பதைத் தமிழில் உள்ளிட்டு, சரியான குறியீட்டைத் தேடித் தரும் சிறிய செயலி ஒன்றை இங்கேயே செய்யலாம். அமெரிக்க பில்லுக்குக் குறியீடு இடும் வேலைக்குப் போக விரும்பினாலும் போங்கள். அது கௌரவமான தொழில். ஆனால் அந்தத் திறமையை முதலில் சொந்த மாவட்டத்தின் கொப்பியில் பழகிவிட்டுப் போங்கள்.

மருத்துவர்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். குறியீட்டை நீங்கள் இடத் தேவையில்லை. அது பதிவறையின் வேலை. நோயின் பெயருக்குப் பக்கத்தில் வலமா இடமா, எதனால் என்று இரண்டு சொல்லைக் கூட்டி எழுதுங்கள். பதிவறையில் இருக்கிறவர் விளங்காததை வாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால் அதைத் தொல்லையாக எடுக்காதீர்கள். கேட்கிற பதிவாளர்தான் நல்ல பதிவாளர்.

தாதியருக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய காயத்தோடு வருகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களால்தான் முடியும். உங்களிடம்தான் அவர்கள் சொல்வார்கள். அதை வரிசையில் வைத்துக் கேட்க வேண்டாம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரியும்வரை அவர் வாங்கில் காத்திருக்கிறார் அல்லவா, அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த இடம், என்ன பட்டது, துண்டை எடுத்தார்களா, முதலில் எங்கே மருந்து கட்டினார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை அவராகவே சொல்லக்கூடும். சொன்னால் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில், மருத்துவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதுங்கள். வீட்டில் பழைய துண்டுகள் ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். மழையில் நனைந்த தாளாக இருந்தாலும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கிளினிக் நாளிலேயே தொடங்கலாம்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்க இருக்கிறேன். பின்வரிசையில் இருக்கும் தாதியர் முதலில் பேசட்டும். அவர்கள் இரவுக் கடமைக்குப் போக வேண்டும்.